ஒன்பது மணி நாற்பது நிமிட வாசிப்பு

அனுப்புநர்
ர. ஜெயப்பிரியா,
த/பெ. ரவிச்சந்திரன்,
முதுகலை சமூகவியல், நான்காம் பருவம்,
மாரியம்மன் கோயில் தெரு, கொக்கிலமேடு குப்பம்,
மாமல்லபுரம் வழி, செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்
பதிவாளர் அவர்கள்,
பாலாற்றுப் பல்கலைக்கழகம்,
செங்கல்பட்டு.

பொருள்: நூலகத்தின் இணையவழி வாசிப்புப் பட்டியலில் 18.02.2025 அன்று என் பெயரில் பதிவாகியுள்ள 9 மணி 40 நிமிட வாசிப்பைத் திருத்தவும், அதைக் காரணம் காட்டி மறுக்கப்பட்ட துக்க விடுப்பை ஏற்றுத் தேர்வு எழுத அனுமதிக்கவும், அதே பதிவுக்காக வழங்கப்பட்ட பாராட்டுச் சான்றிதழைத் திரும்பப் பெறவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது விடுப்பு விண்ணப்பம், நாள் 07.03.2025.
2. மாணவர் பிரிவின் நிராகரிப்பு ஆணை, நாள் 24.03.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனு நீளமானது. இதற்கு முன் இரண்டு முறை அரைப் பக்கத்தில் சுருக்கி எழுதிக் கொடுத்தேன். இரண்டும் படிக்கப்படாமல் கோப்புக் கட்டோடு சேர்ந்துவிட்டன. ஆகவே இம்முறை நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். தயைகூர்ந்து முழுவதும் படிக்கவும்.

1. எனது அண்ணன் கா. வசந்த், வயது 27, கடந்த 18.02.2025 செவ்வாய்க்கிழமை காலை, திருக்கழுக்குன்றம் சாலையில் டிப்பர் லாரி மோதி இறந்துபோனார். அன்று முதல் பதினாறாம் நாள் காரியம் முடிந்த 05.03.2025 வரை நான் வகுப்புக்கு வரவில்லை. இதனால் என் வருகை 71 விழுக்காடாகக் குறைந்தது. பல்கலைக்கழக விதிப்படி உடன்பிறந்தோர் மறைவுக்குப் பத்து வேலைநாள் விடுப்பு உண்டு. அதை ஏற்றால் எனக்கு 75 விழுக்காட்டுக்கு மேல் வந்துவிடும். ஏற்காவிட்டால் வரும் 21-ஆம் தேதி தொடங்கும் இறுதிப் பருவத் தேர்வை நான் எழுத இயலாது. ஹால் டிக்கெட் 15-ஆம் தேதி தருகிறார்கள்.

2. பார்வை 2-இல் கண்ட ஆணை என் விண்ணப்பத்தை இரண்டு காரணங்களால் நிராகரிக்கிறது. முதலாவது: இறந்த நாளில், இறந்த நேரத்தில், விண்ணப்பதாரர் நூலக இணையதளத்தில் தொடர்ந்து 9 மணி 40 நிமிடம் வாசித்துக்கொண்டிருந்தார் என்று நூலகப் பதிவு காட்டுவதால், துக்கம் என்ற காரணம் ஏற்கத்தக்கதாக இல்லை. இரண்டாவது: இறந்தவரின் தந்தை பெயரும் விண்ணப்பதாரரின் தந்தை பெயரும் வேறு, எனவே 'அண்ணன்' என்று குறிப்பிட்டது பொய்த் தகவல், மீண்டும் இவ்வாறு செய்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். ஆணையை நான் பலமுறை படித்துவிட்டேன். முதலில் கோபம் வந்தது. இப்போது அதுவும் வருவதில்லை. இரண்டு காரணங்களுக்கும் கீழே பதில் தருகிறேன்.

3. முதலில் வாசிப்புப் பட்டியல். நூலக இணையதளத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் வாரவாரியாக நூல்களும் கட்டுரைகளும் இடப்படுகின்றன. மாணவர் தம் லாகினில் நுழைந்து தலைப்பைத் தொட்டால் பக்கம் திறக்கும். இது நல்ல ஏற்பாடு. நூலகத்துக்கு வர இரண்டு பேருந்து மாறவேண்டிய என் போன்றவர்கள் அதனால்தான் முதுகலை வரை வந்தோம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

4. ஆனால் எங்கள் பட்டியலில் 14-ஆம் எண்ணில் உள்ள நூலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அதைத் திறக்கலாம். வகுப்பில் நாற்பத்தாறு பேர். மற்றவர்கள் இணையத்திலேயே வரிசையில் காத்திருக்க வேண்டும். முறை வந்தால் இருபத்துநான்கு மணி நேரம் நம்முடையது. அதற்குள் பக்கத்தை மூடிவிட்டாலோ, திரை அணைந்துவிட்டாலோ முறை முடிந்ததாகக் கருதி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ரேஷன் கடையில்கூட வரிசையில் பையை வைத்துவிட்டு ஓரமாய்ப் போய் உட்காரலாம். இதில் அதுவும் இல்லை.

எனவே எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. முறை வந்ததும் பக்கத்தைத் திறந்து, திரை அணையாதபடி கைப்பேசியில் அமைத்து, அப்படியே வைத்துக்கொள்வோம். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அது திறந்தே கிடக்கும். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல என்பதால் இதற்கு 'துண்டு போடுவது' என்றே எங்களிடையே பெயர். "இன்னிக்கு யார் துண்டு போட்டுகினு கீறது?" என்று வகுப்புக் குழுவில் கேட்டுக்கொள்வோம். நூலகத்தின் கணினிக்குத் துண்டுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கம் திறந்திருந்தால் வாசிப்பு என்று எழுதிக்கொள்கிறது. இதை எங்கள் வகுப்பில் எவரும் மறுக்கமாட்டார்கள். இதுவரை எவரும் எழுத்தில் சொல்லவும் இல்லை. நான் சொல்கிறேன்.

5. என் கைப்பேசியின் கண்ணாடி உடைந்துள்ளது. அதில் நூலகப் பக்கம் திறப்பதில்லை. ஆதலால் வசந்த் அண்ணனின் கைப்பேசியில்தான் என் லாகின் இருந்தது. அவர் செங்கல்பட்டிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் வேனின் ஓட்டுநர். வேன் செங்கல்பட்டில் நிற்கும். வீட்டிலிருந்து பைக்கில் போய் அதை எடுப்பார்.

ஒன்பது நாள் காத்திருந்த பிறகு 18-ஆம் தேதி காலை 7.30 மணிக்கு என் முறை வந்தது. கட்டுரை ஒப்படைக்கக் கடைசி நாள் 20. பக்கத்தைத் திறந்தேன். எங்கள் பாடப் பகுதி தொடங்கும் 29-ஆம் பக்கத்திலிருந்து இரண்டு பக்கம் படித்தேன். அதற்குள் அவர் புறப்படத் தயாராகிவிட்டார். டிரிப் தொடர்பான அழைப்புகள் அந்தக் கைப்பேசிக்குத்தான் வரும் என்பதால் அதை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. முதல் டிரிப் முடித்துவிட்டுப் பத்து மணிக்குச் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் என்னிடம் தருவதாகச் சொன்னார். நான் பக்கத்தை மூடாமல் கொண்டுபோகும்படி கேட்டுக்கொண்டேன். "இன்னா பெரிய புக்கு அது, மூடுனா ஓடிப்பூடுமா?" என்றார். ஓடிப்போய்விடும் என்று சொன்னேன். பேன்ட் பையில் வைத்தால் அழுந்தி மூடிவிடும் என்று எண்ணி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

6. நான் மாமல்லபுரத்தில் 8.05 மணிப் பேருந்து ஏறினேன். திருக்கழுக்குன்றம் சாலையில் ஓரிடத்தில் பேருந்து சற்று நின்று சென்றது. "யாரோ டூ வீலரு" என்றார் நடத்துநர். நான் வலப்பக்கம் அமர்ந்திருந்தேன். கூட்டம் இடப்பக்கம் இருந்தது. எழுந்து பார்க்கவில்லை. அந்த நேரத்தில் கட்டுரைக்கு என்ன தலைப்பு வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் நின்றேன். அவர் வரவில்லை. என் உடைந்த கைப்பேசியிலிருந்து ஆறு முறை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறார் என்று எண்ணினேன். கொஞ்சம் எரிச்சலும் பட்டேன், ஐயா. என் இருபத்துநான்கு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் வீணாகிவிட்டது என்று. 11.15 மணிக்கு அப்பா அழைத்தார். அரசு மருத்துவமனை அங்கிருந்து பக்கம்தான். நடந்தே போனேன். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்குக் கால் நன்றாகவே ஓடியது. சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை வந்ததும் கடந்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

7. அவருடைய பொருட்களை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் காவலர் என் பெரியப்பாவிடம் ஒப்படைத்தபோது மாலை ஆறு மணி. பர்ஸ், சாவி, ஒரு பக்கச் செருப்பு, கைப்பேசி. கைப்பேசி அணைந்திருந்தது. மறுநாள், அடக்கம் முடிந்து வந்து, அதை சார்ஜில் போட்டேன். திரை வந்ததும் நூலகப் பக்கம், "88-ஆம் பக்கத்திலிருந்து தொடர விரும்புகிறீர்களா?" என்று கேட்டது. ஆம் என்று தொட்டேன். "இந்நூல் தற்போது வேறொருவரின் வாசிப்பில் உள்ளது" என்று வந்தது. நான் படித்தது 30-ஆம் பக்கம் வரை மட்டுமே.

8. நிராகரிப்பு ஆணை வந்தபின், அந்த 9 மணி 40 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்க 26.03.2025 அன்று நூலகம் சென்றேன். நூலக உதவியாளர் திருமதி ஹரிப்ரியா அவர்கள் கணினியில் இருந்த பதிவை அச்செடுத்துத் தந்தார். தருமுன் தாமே ஒருமுறை படித்தார். பிறகு, "பாப்பா, இது உனக்கு வேணுமா? வேணாம்னு சொல்லு, இங்கியே கிழிச்சுப் போட்டுடுறேன்" என்றார். பல்கலைக்கழகத்தில் என்னிடம் அன்பாகப் பேசியவர் அவர் ஒருவரே. அவர்மீது நடவடிக்கை ஏதும் எடுக்கவேண்டாம் என்றும் இங்கே கேட்டுக்கொள்கிறேன். அச்சுப் படி இணைப்பு 3-இல் உள்ளது. அதன்படி:

காலை 7.30 – பக்கம் 29.
காலை 7.34 – பக்கம் 30.
காலை 7.49 – பக்கம் 31.
காலை 7.52 – ஒரே நிமிடத்தில் பக்கம் 31 முதல் 88 வரை.
அதன்பின் மாலை 5.10 வரை – பக்கம் 88. பிறகு இணைப்பு துண்டிப்பு.

ஐயா, ஒரு நிமிடத்தில் ஐம்பத்தேழு பக்கம் படிக்க எவராலும் முடியாது. அது அவர் விழுந்த நிமிடம். முதல் தகவல் அறிக்கையில் விபத்து நேரம் 8.20 என்று உள்ளது; தகவல் சொன்னவர் பார்த்த நேரம் அது. விழுந்த நேரம் தங்கள் நூலகத்தில்தான் இருக்கிறது. இடையில் இருபத்தெட்டு நிமிடம். அந்த இருபத்தெட்டு நிமிடத்தைப் பற்றி எங்கள் வீட்டில் எவருக்கும் நான் இன்னும் சொல்லவில்லை. தங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். 7.49-க்குப் பக்கம் திரும்பியது சட்டைத் துணி பட்டா, அல்லது மூடிவிட்டதோ என்று அவர் கைவைத்துப் பார்த்தாரா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் இல்லை. நான் படித்த முதல் சில நிமிடங்கள் தவிர, அந்த ஒன்பது மணி நாற்பது நிமிடமும் கைப்பேசி முதலில் அவர் சட்டைப் பையிலும், பிறகு பாலித்தீன் பையிலும் இருந்தது. அதற்கு வந்த பதினேழு அழைப்புகளும், என்னுடைய ஆறும் சேர்த்து, இணைப்பு 4-இல் உள்ளன. என் கையில் இருந்த கைப்பேசியை நானே எதற்கு ஆறு முறை அழைக்கப் போகிறேன்?

9. இனி சான்றிதழ். 05.03.2025 புதன்கிழமை, பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருக்கையில் என் கைப்பேசிக்கு நூலகத்திலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. பிப்ரவரி மாதத்தின் மிக நீண்ட தொடர் வாசிப்பு என்னுடையதாம், வாழ்த்துகளாம், பாராட்டுச் சான்றிதழ் என் பெயரில் வழங்கப்பட்டுள்ளதாம். மறுநாள் வகுப்புக்கு வந்தபோது நூலக வாசலில் உள்ள பெரிய திரையில் என் புகைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே 'இம்மாதத்தின் சிறந்த வாசகர், 9 மணி 40 நிமிடம், 18 பிப்ரவரி' என்று. விவரம் தெரியாத ஜூனியர் மாணவிகள் ட்ரீட் கேட்டார்கள். நான் சரி என்றேன்.

அதே பதிவுக்காக நூலகம் என்னைப் பாராட்டுகிறது. அதே பதிவுக்காக மாணவர் பிரிவு என்னைப் பொய்க்காரி என்கிறது. இரண்டு அலுவலகமும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. படத்தை எடுக்கும்படி மூன்று முறை கேட்டேன். மாதாந்திரப் பயன்பாட்டு அறிக்கை தர மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டுவிட்டதால் புள்ளிவிவரத்தில் கை வைக்க முடியாது என்று பதில் வந்தது. மார்ச் மாதத்துக்கு வேறு ஒருவர் தேர்வாகும் வரை என் படம் ஓடியது. இப்போதும் 'முந்தைய சாதனையாளர்கள்' வரிசையில் ஓடுகிறது. இந்த மனுவைக் கொடுக்க வரும்போதும் அதைக் கடந்துதான் வரவேண்டும்.

10. அடுத்து, இரண்டாவது காரணம். என் தந்தை ரவிச்சந்திரன். வசந்தின் தந்தை காசிநாதன், என் தந்தையின் அண்ணன். இருவருக்கும் ரேஷன் அட்டை தனித்தனி; அடுப்பு ஒன்று. பெரியப்பா மகனை அண்ணன் என்று அழைப்பது நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. தமிழில் அதற்கு வேறு சொல் இல்லை. விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. உறவு என்ற கட்டத்தில் 'பிரதர்' என்று எழுதினேன். 'கசின்' என்று எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அச்சொல்லை நான் அறிவேன், தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் வசந்த் அண்ணனை அப்படி ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் அன்று காலை கைப்பேசியைக் கொடு என்று அத்தனை உரிமையாகக் கேட்டிருக்கவும் மாட்டேன்.

விண்ணப்பம் கொடுத்த அன்றே மாணவர் பிரிவு எழுத்தர் திரு. சுப்புராமன் அவர்கள் இறப்புச் சான்றிதழையும் என் மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "உனக்கு 'ர', அவருக்கு 'கா'. இனிஷியலே வேற வேறயா இருக்கும்மா. கூடப் பொறந்தவர்னு எப்படிப் போட முடியும்?" என்றார். அவர் சொன்னதில் விதிப்படி தவறில்லை. விதியில் பெரியப்பா மகன் இல்லை. இதை என் பெரியப்பாவிடம் சொல்லி, உறவுமுறைச் சான்று வாங்க வட்டாட்சியர் அலுவலகம் வரவேண்டும் என்று கேட்டேன். அவர் மகன் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. "அவன் உனக்கு அண்ணன்தான்னு சொல்ல இன்னா சர்டிபிகேட் வேணுமாம் அவங்களுக்கு? இட்டாந்து வூட்டுல ஒரு நாள் குந்த வையி, பாத்துகினு போட்டும்" என்றார். பிறகு வந்தார். நான்கு முறை வந்தார். இயந்திரப் படகை நிறுத்திவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கிடைத்தது கிராம நிர்வாக அலுவலர் அளித்த சான்றுதான்; அது இணைப்பு 5-இல் உள்ளது. அதிலும் 'பங்காளி முறை உறவினர்' என்றே எழுதியிருக்கிறார்கள். பெரியப்பா அதைப் படிக்கவில்லை, நல்லவேளை.

மேலும் ஒன்று. பட்டியலின் 14-ஆம் எண் நூல் எதைப் பற்றியது என்பது அலுவலகத்துக்குத் தெரியாதிருக்கலாம். தென்னிந்தியக் குடும்பங்களில் உறவுமுறைச் சொற்களைப் பற்றியது. அண்ணன் தம்பி பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உடன்பிறந்தவர்களே, அவர்களுக்குள் மண உறவு கிடையாது, அழைக்கும் சொல்லும் அதுவே என்று விளக்குகிறது. பின்னால் ஒரு தோழி அனுப்பிய குறிப்பில் படித்தேன். எங்களுக்கு இது தெரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்துக்கு வேண்டுமென்றால், அது பல்கலைக்கழகத்தின் நூலகத்திலேயே இருக்கிறது. ஆறாம் வாரப் பாடம். ஒருவர் மட்டுமே திறக்கலாம், வரிசையில் நிற்கவேண்டும்.

11. எனவே நான் வேண்டுவன: 18.02.2025 நாளின் வாசிப்புப் பதிவில், மாணவி அப்போது கைப்பேசி வைத்திருக்கவில்லை, விபத்தில் இறந்தவரிடம் அது இருந்தது என்று குறிப்பு எழுதப்பட வேண்டும். பதிவை அழிக்கவேண்டாம். 7.52 என்பது எங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. சான்றிதழ் ரத்து செய்யப்பட்டு, என் படம் இன்றே திரையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். 'பொய்த் தகவல்' என்ற சொல் ஆணையிலிருந்து நீக்கப்பட வேண்டும். அண்ணன் என்பதை அண்ணன் என்றே ஏற்று விடுப்பு வழங்கி, ஹால் டிக்கெட் தரப்பட வேண்டும். 14-ஆம் எண் நூலை ஒரே நேரத்தில் பலர் திறக்கும்படி உரிமம் பெற வேண்டும்; அல்லது நான்கு அச்சுப் படிகளாவது வாங்கி நூலகத்தில் வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேண்டுகோளால் எனக்குப் பயன் இல்லை. அடுத்த ஆண்டு வருகிறவர்கள் தங்கள் வீட்டாரிடம் மூடாமல் கொண்டுபோ என்று சொல்லவேண்டியிருக்கக் கூடாது.

12. வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டார்கள். எனக்கு இன்னும் வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பேருந்தில் சில்லறை சரியாகக் கொடுக்கிறேன். பெரியம்மா என்னைப் பார்த்துப் பயப்படுகிறார். ஆணையில், விண்ணப்பதாரர் நேரில் விசாரிக்கப்பட்டபோது துயரத்தில் இருந்ததாகத் தெரியவில்லை என்றும் ஒரு வரி இருக்கிறது. உண்மைதான். தெரிந்திருக்காது. அதற்கு என்ன சான்று இணைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

13. கடைசியாக ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரு. சுப்புராமன் அவர்கள் கெட்டவர் அல்ல. போன வாரம் என்னைத் தனியே அழைத்து, "எதுக்கும்மா இத்தன அலைச்சல்? சாவு கீவுன்னு எழுதாத. பதினெட்டாந் தேதியில இருந்து ஜுரம்னு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக் குடு, நானே டேபிள்ல வெச்சு கையெழுத்து வாங்கித் தரேன்" என்றார். மருத்துவ விடுப்புக்கு வாசிப்புப் பதிவைப் பார்ப்பதில்லையாம். காய்ச்சலில் படுத்துக்கொண்டும் படிக்கலாம் என்பதால். இனிஷியலும் பார்ப்பதில்லை. அப்பாவும் அதையே சொன்னார். ஒரு வருடத்தை விட்டுவிடாதே, அவன் இருந்தாலும் இதைத்தான் சொல்லுவான் என்றார். அது சரி என்றே எனக்கும் படுகிறது. வசந்த் அண்ணன் நிச்சயமாக அதைத்தான் சொல்லியிருப்பார்.

சான்றிதழ் வாங்கிவிட்டேன். அரை மணி நேரத்தில் கிடைத்தது. பெயர், இனிஷியல், தேதி எல்லாம் சரியாக இருக்கிறது. பதினைந்து நாள் விஷக் காய்ச்சல், முழு ஓய்வு தேவை என்று எழுதி முத்திரையும் இட்டிருக்கிறது. இந்த மனுவை எழுதும்போது அது என் பையில் உள்ளது. இணைப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. சேர்க்கவும் மாட்டேன். என் கோரிக்கை மறுக்கப்பட்டால் இந்த ஆண்டு தேர்வு எழுதாமல் இருந்துகொள்கிறேன்.

ஐயா, பிப்ரவரி பதினெட்டாம் தேதி எனக்குக் காய்ச்சல் இல்லை. அன்று என் அண்ணன் இறந்துபோனார்.

இணைப்பு: 1. இறப்புச் சான்றிதழ் நகல். 2. முதல் தகவல் அறிக்கை நகல். 3. நூலக வாசிப்புப் பதிவு. 4. கைப்பேசி அழைப்பு விவரம். 5. கிராம நிர்வாக அலுவலர் சான்று.

நகல்: நூலகர் அவர்கள், சமூகவியல் துறைத் தலைவர் அவர்கள்.

நாள்: 07.04.2025
இடம்: செங்கல்பட்டு

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ர. ஜெயப்பிரியா,
கா. வசந்தின் தங்கை